துறைமுகச் சுழல் பாலமும் அதன் ஹைட்ராலிக் இயந்திரமும்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலையோரம் ஹைட்ராலிக் பட்டறை வைத்திருக்கிறேன். டிப்பர் ஜாக்கி, பொக்லைன் சிலிண்டர், குவாரியில் பாறை உடைக்கும் பிரேக்கர் எல்லாம் வேலைக்கு வரும். சீல், அதாவது சிலிண்டரில் கசிவைத் தடுக்கும் வளையம், மாற்றி முடிக்கும்வரை வண்டிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். அகலமான ஆறு, அதன் நடுவே எந்தக் கரையையும் தொடாமல் நீளவாக்கில் நிற்கும் ஓர் இரும்புப் பாலம். "பாலம் பாதியில் நின்றுபோச்சா அண்ணா?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும்.

நின்றுபோகவில்லை, திரும்பி நிற்கிறது. இங்கிலாந்தில் நியூகாசில், கேட்ஸ்ஹெட் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் டைன் ஆற்றில் 1876இல் திறக்கப்பட்ட சுழல் பாலம் அது. ஒரே பதிலைப் பலமுறை சொல்லி அலுத்துவிட்டதால் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுழல் பாலம் என்றால் என்ன?

வீட்டில் பழைய திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடிக்கல் அசையாது. நடுவில் ஒரு முளை. மேல்கல் அந்த முளையைச் சுற்றித் திரும்பும். சுழல் பாலமும் அப்படித்தான். ஆற்றின் நடுவில் இருக்கும் பெரிய தூண் அடிக்கல், பாலத்தின் முழு உடலும் மேல்கல். கப்பல் வரும்போது பாலம் 90 பாகை திரும்பி ஆற்றின் போக்கிலேயே நிற்கும். இரண்டு பக்கமும் கப்பலுக்கு வழி கிடைக்கும். கப்பல் போனதும் மறுபடி குறுக்கே வந்து இரு கரையையும் தொடும்.

டைன் பாலத்தில் இப்படித் திரும்பும் பகுதியின் நீளம் 281 அடி, அதாவது 85 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எடை ஏறக்குறைய 1,200 டன். கல் ஏற்றிய டிப்பர் ஒன்று 30 டன் என்று வைத்தால் 40 டிப்பர். திரும்பிய பிறகு இரு பக்கமும் 104 அடி அகலத்துக்குக் கப்பல் வழி திறக்கும்.

எதற்கு இவ்வளவு பாடு? உயரமாக ஒரு பாலம் கட்டினால் கப்பல் அடியில் போய்விடாதா?

போய்விடும். அதே இடத்தில் அப்படி ஒரு பாலம் ஏற்கெனவே இருந்தது. ராபர்ட் ஸ்டீபன்சன் வடிவமைத்த ஹை லெவல் பாலம், 1849இல் திறந்தது. மேல்தளத்தில் ரயில், கீழ்த்தளத்தில் சாலை. ஆற்றிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரம். ஆனால் சந்தையும் கிடங்குகளும் படித்துறையும் கீழே ஆற்றங்கரையில் இருந்தன. கரையோரத்து மாட்டுவண்டிக்காரனை மலையேறிப் பாலம் கடந்து மறுபடி இறங்கு என்றால் கேட்பானா? ஆகவே தாழ்வான பாலமும் வேண்டியிருந்தது.

தாழ்வான பாலத்துக்கு அங்கே நீண்ட வரலாறு உண்டு. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் கட்டியது முதல் பாலம். அப்புறம் இடைக்காலக் கல்பாலம் ஒன்று. அதை 1771 வெள்ளம் அடித்துப்போனது. 1781இல் திறந்த புதிய கல்பாலத்துக்கு வளைவுகள் தாழ்வு, தூண்கள் நெருக்கம். பெரிய கப்பல் எதுவும் அதைத் தாண்டி மேலே போக முடியாது. ஆற்றைத் தூர்வாரி ஆழப்படுத்திய டைன் மேம்பாட்டு ஆணையத்துக்கு இந்தக் கல்பாலம் தொண்டையில் சிக்கிய முள். 1860களில் அதை இடித்துத் தற்காலிக மரப்பாலம் போட்டார்கள். 1873இல் சுழல் பால வேலை தொடங்கியது. 1876 ஜூன் 15 அன்று வண்டிகளுக்கும், ஜூலை 17 அன்று கப்பல்களுக்கும் திறந்தார்கள்.

பாலத்துக்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கம், எல்ஸ்விக் என்ற இடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. கல்பாலம் போனால் அதிகம் லாபம் அடையப்போவது அந்தத் தொழிற்சாலைதான். சுழல் பாலத்துக்கு இயந்திரங்கள் செய்து கொடுத்ததும் அதே தொழிற்சாலைதான். முதலில் பாலத்தைக் கடந்த கப்பல் 'யூரோப்பா' என்ற இத்தாலியக் கப்பல். அது வந்தது எல்ஸ்விக்கில் செய்த 100 டன் பீரங்கியை ஏற்றிக்கொண்டு போக. ஊருக்குப் பாலம், முதலாளிக்கு வழி. இரண்டும் பொய்யில்லை.

அந்த முதலாளி யார்?

வில்லியம் ஆம்ஸ்ட்ராங். 1810இல் நியூகாசிலில் பிறந்தவர். படித்தது சட்டம், பத்தாண்டுக்கு மேல் வக்கீல் தொழில். இயந்திரத்தில் பட்டம் எதுவும் இல்லை. மீன்பிடிப்பதில் மட்டும் பைத்தியம்.

1835இல் டென்டேல் என்ற பள்ளத்தாக்கில் தூண்டில் போடப் போனார். அங்கே ஒரு பளிங்குக் குவாரிக்காக நீர்ச்சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கல் அறுத்துப் பாலிஷ் போட்டு உலகமெங்கும் அனுப்புகிற மாவட்டத்தில் இருக்கும் எனக்கு, இந்தக் கதை ஒரு கல்குவாரியில் தொடங்குவதில் தனி சந்தோஷம். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். அவர் சக்கரத்துக்கு மேலே இருந்த மலையைப் பார்த்தார். தண்ணீர் மலை உச்சியிலிருந்து இறங்கி வருகிறது. சக்கரமோ கடைசிச் சில அடிகளின் பலத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது, மீதி எல்லாம் பாறையில் மோதி வீணாகிறது. அந்தத் தண்ணீரை மேலேயே குழாயில் அடைத்துக் கீழே கொண்டுவந்தால் மலையின் முழு உயரமும் அழுத்தமாகக் கிடைக்குமே என்று நினைத்தார்.

1845இல் நியூகாசிலுக்குக் குழாய்க் குடிநீர்த் திட்டம் வந்தபோது அதில் அவரும் ஒருவர். ஊரின் தாழ்வான ஆற்றங்கரைப் பகுதியில் குழாயில் அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தது. 1846இல் அந்தக் குடிநீர்க் குழாயில் ஒரு கிரேனை இணைத்துப் படித்துறையில் சரக்கு தூக்கிக் காட்டினார். அதை ஓட்டியவர் அவ்வளவு லாவகமாக ஓட்டியதால் 'ஹைட்ராலிக் ஜாக்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டதாம். நாம் ஜாக்கி என்று சொல்வதற்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லை. கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1847இல் வக்கீல் தொழிலை விட்டு எல்ஸ்விக் தொழிற்சாலையைத் தொடங்கினார்.

ஆற்று வெள்ளம் தள்ளித்தான் பாலம் திரும்புகிறதா?

இல்லை. படத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஹைட்ராலிக் என்றால் ஓடும் தண்ணீரின் வேகம் அல்ல, அடைத்து வைத்த தண்ணீரின் அழுத்தம்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. சிறிய பிஸ்டனில் கொஞ்சம் பலம் கொடுத்தால் பெரிய பிஸ்டனில் பெரிய பலம் வரும். பதிலுக்குப் பெரியது கொஞ்ச தூரமே நகரும். 1795இல் ஜோசப் பிராமா இதை வைத்து அழுத்து இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆக ஆம்ஸ்ட்ராங் காலத்தில் விதியும் பழசு, சிலிண்டரும் பழசு. அவர் தீர்த்த சிக்கல் வேறு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அக்குமுலேட்டர் என்கிறீர்களே, அது என்ன?

என்னைக் கேட்டால் இந்தப் பாலத்தின் உண்மையான அதிசயம் பாலம் திரும்புவது அல்ல, இதுதான்.

அழுத்தம் வேண்டுமானால் தண்ணீரை உயரத்தில் வைக்க வேண்டும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். நம் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் முழு அளவு 52 அடி. அவ்வளவு ஆழத் தண்ணீரின் அடியில் சுமார் 1.6 கிலோ. தெருவில் இருக்கும் மேல்நிலைத் தொட்டியும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். இதை வைத்துக் குழாயில் தண்ணீர் விடலாம், பாலத்தைத் திருப்ப முடியாது. முடியும் என்றால் அதற்கு யானை அளவு சிலிண்டர் வேண்டும்.

முதலில் அவர்களும் உயரத்தைத்தான் நம்பினார்கள். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தின் கதவுகளையும் கிரேன்களையும் இயக்க 94 மீட்டர் உயரத்தில் செங்கல் கோபுரம் எழுப்பினார்கள். 1852இல் முடிந்தது. இத்தாலியின் சியனா நகரக் கோபுரத்தைப் போன்ற அழகான கட்டடம், இன்றும் நிற்கிறது. ஆனால் முடியும்போதே அது பழைய தொழில்நுட்பம் ஆகிவிட்டது. ஏனென்றால் அதே சமயத்தில், ஹம்பர் ஆற்றங்கரையில் நியூ ஹாலந்து என்ற இடத்தில் அடிமண் வெறும் மணலாக இருந்ததால் அங்கே கோபுரம் கட்ட முடியாமல் போனது. கோபுரம் இல்லாமல் அழுத்தம் வேண்டும். ஆம்ஸ்ட்ராங் யோசித்தார். தண்ணீரை ஏன் உயரத்தில் வைக்க வேண்டும்? தண்ணீரின் மேல் பாரத்தை வைத்தால் போதாதா?

செங்குத்தாக ஒரு பெரிய சிலிண்டர். உள்ளே மேலும் கீழும் போகும் ஒரு தடித்த தண்டு. தண்டின் தலையில் ஒரு பெரிய இரும்புக் கூடை, அதில் கல்லோ இரும்புக் கழிவோ டன் கணக்கில். பம்ப் சிறிது சிறிதாகத் தண்ணீரை உள்ளே தள்ளும், பாரம் மெல்ல மேலே ஏறும். வேண்டும்போது வால்வைத் திறந்தால் பாரம் இறங்கும், தண்ணீர் முழு அழுத்தத்தோடு வெளியே பாயும். இவ்வளவுதான் அக்குமுலேட்டர். தமிழில் சேமகம் என்று சொல்லலாம். இந்த முறையில் சதுர செ.மீ.க்கு 40, 50 கிலோ சாதாரணமாகக் கிடைத்தது. 42 கிலோ அழுத்தத்தை வெறும் உயரத்தால் எடுப்பதென்றால் 420 மீட்டர் கோபுரம் வேண்டும், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல ஆறு அடுக்கு.

பையன்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. டைன் பாலத்தின் அளவுகள் அல்ல, புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை. தண்டின் விட்டம் 45 செ.மீ., மேலே பாரம் 80 டன் என்று வையுங்கள். அழுத்தம் சுமார் 50 கிலோ வரும். பாரம் 5 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 800 லிட்டர் தண்ணீர் வெளியே வரும். அதை ஒன்றரை நிமிடத்தில் இறக்கினால் கிடைக்கும் பலம் 58 ஹெச்பி. சரி, அதை மறுபடி மேலே ஏற்ற என்ன வேண்டும்? தருமபுரிப் பக்கம் கிணற்றில் ஓடுகிற 5 ஹெச்பி மோட்டார் போதும். உராய்வு இழப்பைச் சேர்த்தால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும், அடுத்த கப்பல் வர நேரம் இருக்கிறதே!

சின்ன இயந்திரம் நாளெல்லாம் மெதுவாக உழைத்துச் சேர்த்ததைப் பாலம் சில நிமிடங்களில் செலவழிக்கிறது. எப்போதாவது வரும் கப்பலுக்காக ஒரு பெரிய நீராவி இயந்திரத்தை எந்நேரமும் முழு வேகத்தில் வைத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் குவாரி பிரேக்கரிலும் அக்குமுலேட்டர் இருக்கிறது. கேஸ் அடிக்க என்னிடம் கொண்டுவருகிறீர்களே, அதேதான். கல்பாரத்துக்குப் பதில் நைட்ரஜன், கூடைக்குப் பதில் ரப்பர் டயாஃப்ரம். தத்துவம் மாறவில்லை.

பாலத்தின் உள்ளே என்னென்ன இருக்கிறது?

மேலிருந்து கீழே வருகிறேன். பாலத்தின் நடுவில், சாலைக்கு மேலே, கலங்கரை விளக்கின் தலைபோல ஒரு கண்ணாடி அறை. அதில் இருந்து பாலத்தை இயக்குபவருக்கு ஆறு இரு பக்கமும் தெரியும். சாலைத் தளத்துக்குக் கீழே, நடுத்தூணின் மேல், உருளைகள் வட்டமாக அடுக்கிய ஒரு பெரிய வளையம். பாலம் உருண்டு திரும்புவது இதன்மேல். முழு எடையும் உருளைகளின் மேல் இருந்தால் திருப்புவது கஷ்டம் என்பதால், நடு அச்சுக்கு அடியில் நீரழுத்தம் கொடுத்து எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. தலையில் சுமை இருக்கும்போது கீழிருந்து ஒருவர் கை கொடுப்பது மாதிரி.

திருப்பும் வேலையைச் செய்பவை மூன்று சிலிண்டர் ஹைட்ராலிக் எஞ்சின்கள். நீராவி எஞ்சினைப் போலவே பிஸ்டன் போய் வரும், தண்டு சுழலும், உள்ளே மட்டும் நீராவிக்குப் பதில் அழுத்தத் தண்ணீர். மூன்று சிலிண்டர் ஏன் என்றால், எந்த நிலையில் நின்றிருந்தாலும் ஏதாவது ஒரு பிஸ்டன் தள்ளத் தயாராக இருக்கும். சுழலும் தண்டு பல்சக்கரங்கள் வழியாகப் பாலத்தின் பெரிய பல்வளையத்தைத் திருப்பும்.

அதற்கும் கீழே, தூணுக்குள் 60 அடி ஆழக் குழி. அக்குமுலேட்டர் இருப்பது அந்தக் குழியில். மேலே கோபுரமாக நிற்க வேண்டிய உயரத்தைப் பூமிக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள். தண்ணீரை அழுத்தும் பம்புகள் முதலில் நீராவியில் ஓடின. 1959இல் மின்சார பம்புகள் வந்தன. திருப்பும் இயந்திரங்கள் மட்டும் ஆம்ஸ்ட்ராங் வைத்தவையே.

நாம் எண்ணெய் ஊற்றுகிறோம். அவர்கள் ஏன் தண்ணீர்?

தண்ணீர் மலிவு, தீப்பிடிக்காது. கசிந்தால் ஆற்றில் போய்ச் சேரும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வேலை முடிந்த தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு குழாய்கூட வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம். இதனால் ஊர் முழுக்கக் குழாய் பதித்து அழுத்தத் தண்ணீரை விற்கவே முடிந்தது. லண்டனில் 1883இல் தொடங்கிய ஒரு நிறுவனம் மின்சாரம்போல அழுத்தத் தண்ணீரை வீதி வீதியாக விற்றது. லிஃப்ட், கிரேன், நாடக அரங்கின் இரும்புத் திரை எல்லாம் அதில் ஓடின. 1977 வரை அந்தத் தொழில் நடந்தது என்றால் நம்புகிறீர்களா?

குறை என்னவென்றால் துருவும் தேய்மானமும். குளிரில் உறைந்து குழாய் வெடிக்கும், இந்தக் கவலை நமக்கு ஊட்டியில்கூட அரிது. தண்ணீருக்கு வழவழப்பு இல்லாததால் வால்வும் சீலும் சீக்கிரம் தேயும். பிறகு எண்ணெய் வந்தது. எண்ணெய்க்குத் தாங்குகிற சீல் வந்ததும் அழுத்தமும் ஏறியது. இன்றைய பொக்லைனில் 300 கிலோவுக்கு மேல். அந்த அழுத்தத்தில் ஹோஸில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

பாலத்தின்மேல் லாரி போகும்போது தண்ணீர்தான் தாங்குகிறதா? சீல் போனால் என்ன கதி?

நல்ல கேள்வி, டிப்பர் ஓட்டுபவர்தான் இதைக் கேட்பார். தண்ணீர் தாங்குவதில்லை. பாலம் மூடியதும் அதன் இரு முனைகளும் கரையில் உள்ள தாங்கிகளின்மேல் உட்காரும். இந்த வகைப் பாலங்களில் முனைக்கு அடியில் ஆப்புகளை ஏற்றி இறுக்குவார்கள். அது இல்லாவிட்டால் நடுவில் மட்டும் தாங்கிய பலகைபோல, ஒரு முனையில் லாரி ஏறினால் மறுமுனை துள்ளும். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்களே, இழுப்பது வடம் என்றாலும் நிறுத்துவது கட்டைதான். இங்கேயும் அப்படி. திருப்புவது நீரழுத்தம், நிற்க வைப்பது இரும்பு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலை கற்றுக்கொண்ட நாட்களில், தொட்டியைத் தூக்கி நிறுத்திய ஒரு டிப்பருக்கு அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். முட்டு வைக்கவில்லை. ஜாக்கி தூக்கி நிறுத்தியிருக்கிறதே, அப்புறம் என்ன என்ற நினைப்பு. கப்ளிங்கில் 'உஸ்' என்று சத்தம் வந்தது. எதற்கென்றே தெரியாமல் வெளியே உருண்டேன். அடுத்த நொடி தொட்டி சேஸிஸில் வந்து உட்கார்ந்தது. கிரீஸ் கன் அப்பளம். இன்றைக்கும் என் பட்டறையில் முட்டு வைக்காமல் தூக்கிய தொட்டிக்கு அடியில் யாரும் போக முடியாது. கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

நம் ஊர் வெயிலில் இப்படி ஒரு பாலம் விரிந்து சிக்கிக்கொள்ளாதா?

சிக்கும். இரும்பு வெயிலில் நீளும், முனையில் விட்ட இடைவெளி போதாமல் போகும். நியூயார்க்கின் மூன்றாம் அவென்யூ சுழல் பாலத்துக்கு 2018 ஜூலையில் படகிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்தார்கள். சித்திரை வெயிலில் இரும்பு கேட் தாழ்ப்பாள் மாட்டாமல் மல்லுக்கட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போதும் அந்தப் பாலம் திரும்புகிறதா?

1920களில் ஓர் ஆண்டுக்கு 6,000 முறை வரை திரும்பியிருக்கிறது. ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினாறு தடவை. அதற்கு முன்பே எல்ஸ்விக்கில் போர்க்கப்பல் கட்டும் தளமும் வந்திருந்தது. 'விக்டோரியா' என்ற பெரிய போர்க்கப்பல் அங்கே கட்டப்பட்டு இந்தப் பாலத்தின் இடைவெளி வழியாகத்தான் கடலுக்குப் போனது. சில ஆண்டுகளில், 1893இல், இன்னொரு பிரிட்டிஷ் கப்பலே மோதி அது மூழ்கியது தனிக் கதை.

பிறகு நிலக்கரி போனது, கப்பல் கட்டுவது போனது, எல்ஸ்விக்கும் போனது. மேலே போக வேண்டிய கப்பலே இல்லாதபோது பாலம் எதற்குத் திரும்ப வேண்டும்? திறப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 2019 இறுதியில் இயந்திரக் கோளாறு வந்து நின்றுபோனது. வண்டிகளும் மக்களும் போகும் சாதாரணப் பாலமாக அது தன் வேலையைத் தொடர்ந்தது. என் அனுபவத்தில் ஓடாமல் நிற்கிற இயந்திரம்தான் சீக்கிரம் கெடும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த பிரேக்கரின் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். தினமும் ஓடுகிற வண்டியின் சீல் வருடக்கணக்கில் வரும். 6,000 முறை திரும்பிய காலத்தில் அந்தப் பாலம் நிற்கவில்லை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பாம்பன் பாலமும் இதே வகைதானே?

இல்லை. படத்தைப் பார்த்ததும் பலர் பாம்பன் என்றே சொல்லிவிடுகிறார்கள். கப்பலுக்கு வழிவிடும் பாலங்களில் முக்கியமாக மூன்று வகை. பக்கவாட்டில் திரும்புவது ஒன்று. ஏற்றத்தின் துலாவைப்போல ஒரு முனை மேலே எழுவது இன்னொன்று. லிஃப்ட்போல நேராக மேலே போவது மூன்றாவது.

1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இரண்டாம் வகை. நடுவில் இரண்டு இறக்கைகள். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு. இறக்கையின் அடிப்பகுதி தொட்டில் கால்போல வளைந்து, உருண்டபடியே எழும். அதைத் திறந்தது நீரழுத்தமும் இல்லை, மின்சாரமும் இல்லை, மனிதக் கைகள். ஆட்கள் வட்டமாக நின்று நெம்புகோலைத் தள்ளிச் சுற்றித் திறந்தார்கள். நூறாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. எதிர் எடை சரியாக இருந்தால் மனிதக் கை போதும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கமலை இறைத்த தாத்தாக்களிடம் கேட்டால், இறங்கும்போது மாட்டுக்குச் சாய்வுதான் பலம் என்பார்கள். அதே கணக்கு.

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் மூன்றாம் வகை. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, இரு பக்கமும் கோபுரம். கோபுரத்தில் கப்பி, கயிற்றின் மறுமுனையில் எதிர் எடை. துண்டு 17 மீட்டர் மேலே ஏறும். அதைத் தூக்குவது மின் மோட்டார்கள்.

சுழல் பாலம் இப்போது அதிகம் கட்டப்படாததற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அதன் நடுத்தூண் ஆற்றின் நடு வழியையே அடைத்துக்கொள்கிறது, கப்பல் பெரிதாகப் பெரிதாக அது இடைஞ்சல். ஆனால் அதற்குக் கோபுரம் வேண்டாம், எதிர் எடை வேண்டாம், பாலத்தின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர் எடை. கப்பலின் பாய்மரம் எவ்வளவு உயரமானாலும் கவலை இல்லை.

வேறு எங்கே இப்படி இருக்கிறது?

எனக்குப் பிடித்தது மான்செஸ்டர் பக்கம் இருக்கும் பார்ட்டன் பாலம், 1894. அது சாலையைத் திருப்பவில்லை, ஒரு கால்வாயைத் திருப்புகிறது! தண்ணீர் நிறைந்த தொட்டி இரு முனையிலும் கதவடைத்துக்கொண்டு, அப்படியே 1,400 டன்னுக்கு மேலான எடையோடு திரும்பும். கீழே பெரிய கால்வாயில் கப்பல் போகும். சுழல் பாலங்களில் மிக நீளமானது எகிப்தில் சூயஸ் கால்வாயின் மேல் உள்ள எல் ஃபெர்தான் ரயில் பாலம், நடு இடைவெளி 340 மீட்டர். லண்டன் டவர் பாலம் சுழல் வகை இல்லை, இறக்கை வகை; ஆனால் 1894இல் அதற்கு நீரழுத்த இயந்திரம் செய்ததும் ஆம்ஸ்ட்ராங்கின் நிறுவனமே. 1970களில் அதை மின்சாரமும் எண்ணெயுமாக மாற்றினார்கள்.

டைன் ஆற்றிலேயே, பழைய சுழல் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, 2001இல் இன்னொரு பாலம் வந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கண் இமை திறப்பதுபோல முழுப் பாலமும் சாய்ந்து எழும். அதைத் தூக்குவது 45 செ.மீ. விட்டமுள்ள ஆறு ஹைட்ராலிக் சிலிண்டர்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்ய முடியுமா, மாமா?

என் அக்கா மகள் தருமபுரியில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கேட்டது. செய்தோம். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, 2.5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, சலைன் டியூப், டியூபைப் பிரித்து இணைக்க ஒரு டி இணைப்பு, மூன்று சின்னக் கிளிப். பாலத்துக்குத் தெர்மாகோல் வேண்டாம், காற்றடித்தால் பறக்கும். பிளைவுட் பட்டை நல்லது. நடுவில் ஒரு போல்ட், அதன் அடியில் பழைய பேரிங் ஒன்று. பேரிங் எந்த மெக்கானிக் கடையிலும் சும்மா கிடைக்கும்.

வழக்கமாகப் பிள்ளைகள் ஒரு சிரிஞ்சை அமுக்கி இன்னொன்றைத் தள்ளுவதோடு நிறுத்திவிடுவார்கள். அது பிராமா காலத்து மாதிரி. ஆம்ஸ்ட்ராங் மாதிரி வேண்டுமென்றால் ஒரு 10 மி.லி. சிரிஞ்சைப் பலகையில் செங்குத்தாகக் கட்டி, அதன் தண்டின் தலையில் ஒரு செங்கல்லை உட்கார வையுங்கள். செங்கல் சாயாமல் இருக்க இரு பக்கமும் குச்சி நட வேண்டும். இதுதான் அக்குமுலேட்டர். 2.5 மி.லி. சிரிஞ்ச் பம்ப். சின்ன சிரிஞ்சை நான்கைந்து முறை இழுத்து அமுக்கினால் செங்கல் மெல்ல மேலே ஏறும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் இடையில் செங்கல் பக்கக் கிளிப்பை மூட மறக்கக்கூடாது, மறந்தால் ஏற்றியதெல்லாம் இறங்கிவிடும். அப்புறம் பாலத்துப் பக்கக் கிளிப்பைத் திறந்தால் செங்கல் இறங்கும், மூன்றாவது சிரிஞ்ச் பட்டையைத் திருப்பும்.

டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் எதுவும் சரியாக நடக்காது, செங்கல் ஊஞ்சலாடும். எல்லாவற்றையும் வாளித் தண்ணீருக்குள் வைத்தே இணைத்துவிடுங்கள். செங்கல் மூன்று கிலோ என்றால் அந்தச் சிரிஞ்சுக்குள் சதுர செ.மீ.க்கு 1.7 கிலோ அழுத்தம் வரும். கேஆர்பி அணை நிரம்பி நிற்கும்போது அடியில் இருக்கிறதே, கிட்டத்தட்ட அவ்வளவு. இதை எழுதி மாதிரியின் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். பார்க்க வந்த ஆசிரியர் செங்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கப் போனார். வைப்பதற்குள் யாரோ கிளிப்பைத் திறந்துவிட்டார்கள். பாரம் இல்லாததால் பாலம் அசையவில்லை. "செங்கல்லை வையுங்க சார்" என்றாள். வைத்தார். திரும்பியது.